பேரைச் சொல்லாத ஜெபம்

சொர்ணம் டீச்சர் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஆண்டவருக்கே தெரியாத சங்கதி நாலு வெளியே வரும் என்று ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் ஒரு கேலி உண்டு. கேலி பண்ணுகிறவர்களும் தங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அம்மாளிடம்தான் ஓடுவார்கள். "கர்த்தாவே, இந்தப் பையனுக்கு வாயெல்லாம் கசக்கு, நேத்து ரசஞ்சோறு மட்டுந்தான் இறங்கிச்சு, அவன் அம்மைக்கும் தூக்கமில்ல" என்று டாக்டரிடம் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொல்லுவார். எல்லாம் அறிந்தவருக்கு எதற்கு இத்தனை விவரம் என்று அவர் கணவர் தேவராஜ் சாரே கேட்பாராம். "அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லணும்லா" என்பாராம் டீச்சர். நாசரேத் பக்கத்துக்காரர். மெட்ராசுக்கு வந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தும் அந்த 'லா' மட்டும் போகவில்லை.

டீச்சர் என்பது ஊர் வாய்க்கு வசதியாக வந்த பெயர். உண்மையில் அவர் பட்டணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. சார் வேறொரு கல்லூரியில் கணக்கு. காலையில் இரண்டு பேரும் ஆவடியில் ஒரே ரயில் ஏறுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். அவரிடம் படிக்கிற பெண்கள், இவரிடம் படிக்கிற பையன்கள், பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற ஷஃபியுல்லா வரைக்கும் எல்லோரும் வருவார்கள். பாடம் கேட்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், டீச்சர் அவித்த புட்டும் பயறும் தின்பார்கள். நீ சர்ச்சுக்கு வா என்று ஒரு பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை தட்டையும் குழாயடியில் உட்கார்ந்து கழுவுவார்.

இந்தத் தட்டு சமாசாரத்தைத்தான் பஞ்சவர்ணத்தால் நம்ப முடியவில்லை.

"எச்சில் தட்டையா? அவரேவா?" என்று மகளிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. நாங்க கழுவுறோம்னா உட மாட்டாரு. நீங்க விருந்தாளிங்கன்றாரு."

"உங்கப்பன் குடிச்ச டம்ளரை நவுத்தி வெச்சுக் கூட நான் பாத்ததில்ல" என்றாள் பஞ்சவர்ணம். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு இருந்த காலம் அது.

பஞ்சவர்ணம் கரையான்சாவடியில் பிறந்தவள். புருஷன் கலியமூர்த்தி சிதம்பரத்துப் பக்கம், டாங்கி செய்கிற பேக்டரியில் வெல்டர். குவார்ட்டர்சில் வீடு. ஒரே மகள் வசந்தகுமாரி. எம்.எஸ்சி. தாவரவியல், சொர்ணம் டீச்சரிடம்தான் படித்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்சில் அந்த வரிசையில் அவ்வளவு படித்த பெண் வேறு கிடையாது.

அவளுக்கு வலிப்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் படிக்கும்போது முதல் தடவை வந்தது. பஞ்சவர்ணம் பூந்தமல்லி தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டினாள், மாங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், ஆனால் புருஷனிடம் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கலியமூர்த்திக்கு ஒரு அக்கா இருந்தாளாம். வலிப்பு வந்து குளத்தில் விழுந்து செத்துப்போனாளாம். மாமியார் சாகக் கிடந்தபோது வாய் தவறிச் சொன்னது இது. அந்த அக்காவின் பெயர் என்ன என்று பஞ்சவர்ணம் ஒருநாள் புருஷனிடம் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

மகளுக்குக் கல்லூரியில், பரிசோதனைக் கூடத்தில் வலிப்பு வந்தபோது பிடித்துக்கொண்டது சொர்ணம் டீச்சர். கையில் இரும்பு கொடுக்க ஓடி வந்தவர்களை விலக்கினார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மற்றப் பெண்களைச் சன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். உடை நனைந்திருந்ததை யாரும் பார்க்காமல் தன் முந்தானையை விரித்து மூடினார். ஆட்டோ வைத்து ஆவடி வரைக்கும் கூட்டிவந்து பஞ்சவர்ணத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, "இது பேயுமில்ல, பாவமுமில்ல. சீக்கு. மாத்திரை இருக்கு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். பஞ்சவர்ணம் புருஷனுக்குத் தெரியாமல் பட்டணம் போய்வர முடியாது. அதனால் மாதாமாதம் மாத்திரை வாங்கிவந்து மகளிடம் கொடுப்பதும் அவர்தான். கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி கண்டு கேட்டபோது சத்து மாத்திரை என்றாள் பஞ்சவர்ணம். "பாத்ரூம் கதவத் தாழ்ப்பாள் போடக் கூடாதுளா, சாத்திக்கிட்டா போதும்" என்று டீச்சர் பெண்ணிடம் சொல்லியிருந்தார். அம்மாவும் மகளும் அதையும் வேதவாக்காக வைத்துக்கொண்டார்கள். வலிப்பு நின்றே போயிற்று. அடுத்த வருஷம் ஒருதரம்கூட வரவில்லை. பஞ்சவர்ணத்துக்குக் கொஞ்சம் சதை போட்டது.

அப்போதுதான் திருநின்றவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரயில்வேயில் குமாஸ்தா. பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். பரீட்சை முடிந்ததும் வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. கலியமூர்த்தி அந்த வாரம் பூராவும் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தான்.

பஞ்சவர்ணம் கருவாட்டுக் குழம்பை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சருக்கு அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர்.

"டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு. மாத்திர விசயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

டீச்சர் தூக்கை வாங்கிக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை வீட்டுல சொல்லலியா?"

"சொன்னா கட்டுவானா?"

"கட்டினபிறவு தெரிஞ்சா?"

"அப்பாலிக்கு ஒரு புள்ள பொறந்துடும். எல்லாம் சரியாப் பூடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"ஆயிரம் பொய்க்குப் பதிலா ஒரு நெசத்தைச் சொல்லிப் பாக்கலாமேம்மா. பிள்ளை மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சுத் திங்கணும், தாலி கட்டினவன் முன்னால. ஒருநா விட்டாலும் ஆபத்துலா. அவ அப்பாட்டயாவது சொல்லுங்க."

"அந்தாளு செத்துடுவாரு. இல்ல, எங்கள சாவடிச்சிடுவாரு." பஞ்சவர்ணம் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கயும் வாய் தொறக்க மாட்டேன்னு சொல்லு டீச்சரம்மா. உன் சாமி மேல சொல்லு."

சாமி மேல் சத்தியம் செய்வது அவர்கள் வழக்கமில்லை. ஆனாலும் டீச்சர், "ஒரு மனுசர்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடிதான் நடந்தார். மனுஷர் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

சேக்காட்டில் புதன்கிழமை தோறும் ஒரு வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரமும் நடந்தது. ஜெபக் குறிப்பு சொல்லுகிற நேரம் வந்ததும் டீச்சர், "என் பிள்ளை ஒருத்திக்காக" என்று மட்டும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று கவனமாகத்தான் இருந்தார். பிறகு கண்ணை மூடினார். அந்த அம்மாளுக்குக் கண்ணை மூடினால் அறையில் யாரும் இல்லை, அவரும் ஆண்டவரும் மட்டும்தான். "கர்த்தாவே, கல்யாணம் கூடி வாற நேரத்தில இந்த வலிப்பு அவளுக்குக் குறுக்க நிக்கப்பிடாது. மாத்திரையை மறைச்சுக் கொடுக்கிற தாயைப் பாரும். தீப்பொறிக்கு முன்னால நின்னு கண்ணு சிவந்து வாற அந்தத் தகப்பனோட மனசை இளக்கும். திருநின்றவூர்க்காரங்களுக்கு நல்ல இருதயத்தைக் குடும்." கண்ணீர் வழிய வழிய ஜெபித்தார். சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அத்தனை பேருக்கும் யாருக்காக அழுதோம் என்பது தெரிந்திருந்தது.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் புருஷனோடு முழங்கால் போட்டு ஜெபித்தாள். இன்னொருத்தி குவார்ட்டர்சில் இருக்கிற தன் தங்கையிடம் சொல்லி உபவாசம் இருக்கச் சொன்னாள். எல்லாம் அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். வம்பு என்றால் பாதி வழியிலேயே களைத்துப் படுத்துவிடும். பரிதாபத்துக்குக் களைப்பே கிடையாது.

இட்லிக் கடை வேம்புலியம்மாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வீட்டில் அம்மன் படம்தான் வைத்திருக்கிறாள். முழங்கால் வலிக்காகப் புதன்கிழமை மட்டும் இயேசுவிடம் வருவாள். தண்ணீர் லாரி வந்த அன்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவள்தான் பஞ்சவர்ணத்திடம் சொன்னாள்.

"கவலப்படாத பஞ்சு. உன் பொண்ணுக்கோசரம் டீச்சரம்மா இன்னாமா அழுதுச்சு தெரியுமா? கல்லு கரைஞ்சிடும். எனக்கே முட்டி வலி மறந்து பூட்ச்சு."

பஞ்சவர்ணம் அவள் பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா சொல்ற?"

"வலிப்புதாண்டி. யாருக்கு இல்ல? எங்க சின்ன மாமனாருக்குக் கூட கீது."

லாரிக்காரன் குழாயை எடுத்துப்போட்டுக்கொண்டு கிளம்பிப் போகிற வரைக்கும் பஞ்சவர்ணம் அதே இடத்தில் நின்றாள். குடத்தில் தண்ணீர் பிடிக்கவில்லை.

திருநின்றவூரிலிருந்து பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று ஆள் வந்து சொன்னான். காரணம் சொல்லவில்லை, கேட்கவும் முடியவில்லை. கலியமூர்த்திக்கு அது பேக்டரி கேண்டீனில் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் நல்ல மனதோடு தோளைத் தொட்டு, "பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு மூர்த்தி? எங்க வீட்டுலயும் தினம் ஜெபம் பண்றாங்க" என்றாராம்.

கலியமூர்த்தி நடு ஷிப்டில் வீட்டுக்கு வந்தான். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய்க் கடுகு டப்பாவை நகர்த்தி மாத்திரையை எடுத்துப் பார்த்தான்.

"சத்து மாத்திரையா இது?"

வசந்தகுமாரிதான், "அப்பா, இத சாப்ட்டா எனக்கு ஒண்ணும் வர்றதில்லப்பா" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் கிடையாது. என் பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாது. இத்தத் தின்னு தின்னுதான் இல்லாத வியாதி இருக்குன்னு ஊரு பேசுது." கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தான். "எங்கக்காவுக்கும் இப்படித்தான் ஆளாளுக்கு ஒரு மருந்து குடுத்தாங்க." கொல்லைப்பக்கம் போய் மாத்திரையெல்லாம் சாக்கடையில் கொட்டினான். கொட்டிவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை அன்றைக்குத்தான் பஞ்சவர்ணம் பார்த்தாள். கல்லூரிக்கும் சனிக்கிழமைக்கும் அதோடு முற்றுப்புள்ளி. ஊரிலிருந்து தம்பியை வரவழைக்கிறேன், வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போகட்டும் என்றான்.

பெண் கல்லூரிக்கு வரவில்லை என்றதும் டீச்சர் வந்தார். கலியமூர்த்தி வேலைக்குப் போயிருந்த நேரம். வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது. பஞ்சவர்ணம் கதவைப் பாதி திறந்து, நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பஞ்சவர்ணம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிக்கணும்."

நிலையில் வைத்த கையைப் பஞ்சவர்ணம் எடுக்கவில்லை.

"நான் பேரைச் சொல்லலம்மா."

"பேரு ஒண்ணுதான் பாக்கி!" என்று வெடித்தாள் பஞ்சவர்ணம். "ஊர் வாய உலமூடி போட்டு மூட முடியுமா? பொத்திப் பொத்தி வெச்சிருந்தேனே டீச்சரம்மா. பெத்த தாயி நானு, புருசன்கிட்ட கூட சொல்லாம வெச்சிருந்தேனே. உன் சாமிக்கு இன்னா காது கேக்காதா? மனசுக்குள்ள சொன்னா ஆவாதா?"

டீச்சர் தலை குனிந்து நின்றார். படித்தவர், நூறு பெண்களை உட்கார வைத்துப் பேசுகிறவர், ஒரு வெல்டர் வீட்டு வாசலில் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. இதை மட்டும் வாங்கிக்கிடுங்க. திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. நிறுத்தினா முன்னால வந்ததை விட மோசமா வரும். டாக்டர் சொன்னப்ப நீங்க இல்ல, நான் கேட்டேன்."

"அத்தையும் உன் சாமிகிட்டயே சொல்லு. வெவரமா சொல்லு" என்று பஞ்சவர்ணம் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது டீச்சர் இல்லை. வாசலில் பால் பாக்கெட்டுக்குத் தொங்கவிட்டிருந்த பையில் பொட்டலம் இருந்தது. பஞ்சவர்ணம் அதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் உள்ளே கொண்டுபோயிருக்கலாம். கடுகு டப்பாவுக்குப் பின்னால் வேண்டாம், அரிசிப் பானைக்குள் வைத்திருக்கலாம். ஆனால் கோபம் கண்ணை மறைத்தது. தெருவில் போன வேம்புலியம்மாளைக் கூப்பிட்டு, "இத்த அந்தம்மா மூஞ்சியில வுட்டெறிஞ்சிட்டு வா" என்று கொடுத்தனுப்பிவிட்டாள்.

வசந்தகுமாரி உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா திருப்பிக் குடுத்த?"

"அவ சங்காத்தமே வேணாம்."

"அவங்க அழுது கெடுத்தாங்க. நீ மறைச்சுக் கெடுத்த. எனக்கு அடுத்த மாசம் பரீட்சை கீதும்மா. எனக்கு மாத்திரதான் வேணும்."

"ரெண்டு நாள் போவட்டும்டி. உங்கப்பா கோவம் அடங்கட்டும். நானே போயி வாங்கியாறேன்" என்றாள் பஞ்சவர்ணம். பொய்யில்லை. வாங்கிவரத்தான் நினைத்திருந்தாள்.

கலியமூர்த்தியின் தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஊரிலிருந்து வந்துசேர்ந்தார்கள். மறுநாள் வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று காலையில் தண்ணீர் லாரி வந்து, பாத்ரூம் தொட்டி நிரம்பியிருந்தது. அந்தக் கோடையில் அது ஒரு கொடுப்பினை. வசந்தகுமாரி குளிக்கப் போனாள். கூடத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வயதுக்கு வந்த பெண், வீட்டில் அடுத்த ஆம்பிளை இருக்கும்போது கதவை வெறுமே சாத்திக்கொண்டு எப்படிக் குளிப்பாள்? தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் பஞ்சவர்ணத்துக்குக் கேட்டது. தோசைக் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். திறந்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். சித்தப்பா முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

பேக்டரியில் சங்கு ஊதியது. சங்கு நின்ற பிறகு, பாத்ரூமிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் நின்றிருந்தது தெரிந்தது.

லீவு போட்டு வீட்டிலிருந்த கலியமூர்த்திதான் கடப்பாரையால் கதவை நெம்பினான். வலிப்பில் தொட்டியின் மேல் கவிழ்ந்திருந்தாள். முகம் தண்ணீருக்குள் இருந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லாத தொட்டி. "அக்கா" என்று கலியமூர்த்தி அலறினான். மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு "அக்கா, அக்கா" என்றே கத்திக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கூடிவிட்டது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். தொட்டித் தண்ணீரைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. வெளியே ஒருவர் வெள்ளைச் சட்டை நனைய நனைய, அடுத்த தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து வாசல் அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தார். தேவராஜ் சார். பின்னால் ஷஃபியுல்லாவும் சனிக்கிழமைப் பிள்ளைகளும் ஆளுக்கொரு குடத்தோடு வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

டீச்சர் உள்ளே வரவில்லை. வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலைக்கூட விட்டு வெயிலில் நின்றார். வேம்புலியம்மாள் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. அவர் கைப்பையில் அந்தப் பொட்டலம் இன்னும் இருந்ததை வேம்புலியம்மாள் பார்த்தாளாம்.

பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தினாள். அதுவரை அவள் வாய்விட்டு அழவில்லை.

"டீச்சரம்மாவ உள்ள வரச் சொல்லுங்க."

கூட்டம் விலகியது. சண்டை வரப்போகிறது என்று நினைத்தவர்கள் எழுந்துகூட நின்றார்கள். டீச்சர் வந்து பெண்ணின் காலடியில் உட்கார்ந்தார். அன்று பரிசோதனைக் கூடத்தில் செய்ததுபோல, விலகியிருந்த சேலையை இழுத்துப் பாதத்தை மூடினார்.

"ஜெபம் பண்ணு டீச்சரம்மா."

டீச்சர் தலையை ஆட்டினார். "முடியலம்மா. எனக்கு வாய் வரல."

"பண்ணு. சத்தமா பண்ணு. இனிமே மறைக்க இன்னா கீது?" பஞ்சவர்ணத்தின் குரல் ஏறிக்கொண்டே போனது. "வெவரமா சொல்லு. இன்னா வியாதி, எப்ப வந்துச்சு, யாரு மறைச்சது, யாரு ஊருக்குச் சொன்னது, யாரு குட்த்த மாத்திரைய வீம்புக்குத் திருப்பி அனுச்சது, அல்லாத்தையும் சொல்லு. அன்னிக்குச் சொல்லாம உட்டியே, அந்தப் பேரயும் சொல்லு."

டீச்சர் கண்ணை மூடவில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"கர்த்தாவே... வசந்தகுமாரி..."

அதற்கு மேல் வரவில்லை. சின்னக் காய்ச்சலுக்கும் பத்து விவரம் சொல்லுகிற அந்த அம்மாளுக்கு அன்றைக்கு ஒரு விவரமும் கிடைக்கவில்லை. "வசந்தகுமாரி, வசந்தகுமாரி" என்று பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் அவர் தோளில் சாய்ந்து, அப்போதுதான், வாய்விட்டு அழுதாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார்.

மூலையில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி ஏதோ சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான்.

"எங்கக்கா பேரையும் சேத்துச் சொல்லுங்கம்மா. லோகநாயகி."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பஞ்சவர்ணம் அந்தப் பெயரைக் கேட்பது அதுதான் முதல் தடவை.